ஆறு கிலோ உப்புக்கறியும் ஒரு கொச்சங்காடி ஞாயிறும்

சனிக்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு எர்ணாகுளம் டவுன் ஸ்டேஷனில் இறங்கினேன். இடுப்பு கழன்றுபோயிருந்தது. விருதுநகரிலிருந்து செங்கோட்டை, புனலூர், கொல்லம், கோட்டயம் என்று சுற்றி வந்தால் முந்நூற்று எழுபது கிலோமீட்டர் இருக்கும். அதைக் கடக்க எங்கள் வண்டி பதினோரு மணி நேரம் எடுத்துக்கொண்டது. ஸ்லீப்பர் டிக்கெட் 255 ரூபாய். கிடைத்தது மேல் பெர்த். அறுபத்தொரு வயதில் மேல் பெர்த்தில் ஏறுவது எப்படி என்று தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். அதற்கு இப்போது தெம்பு இல்லை.

கையில் இரண்டு பைகள். ஒன்றில் துணிமணி. இன்னொன்றில் இரண்டு கிலோ சாத்தூர் சம்பா வத்தல். அந்த மிளகாய்ப் பையைக் கீழ் பெர்த்துக்கு அடியில் தள்ளியிருந்தேன். அங்கே படுத்திருந்த மனிதர் ராஜபாளையத்தில் தும்ம ஆரம்பித்தவர் செங்கோட்டை தாண்டியும் நிறுத்தவில்லை. காலையில் பல் துலக்கிவிட்டு வந்து கேட்டார்.

"சார், அந்தப் பையில என்ன?"

"மிளகாய் வத்தல்."

"எங்க கொண்டு போறீங்க?"

"கொச்சிக்கு. மட்டாஞ்சேரி."

"கொச்சில மிளகாய் கிடைக்காதா?"

நியாயமான கேள்விதான். உலகத்து மசாலாவெல்லாம் வந்து இறங்கிய ஊருக்கு ஒரு ஆள் மிளகாய் சுமந்துகொண்டு போவது பைத்தியக்காரத்தனம். ஆனால் நாற்பது வருடமாக எனக்கு இந்தப் பைத்தியம் உண்டு. மதுரையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், அறை நண்பர்களுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை உப்புக்கறி செய்தேன். ஆட்டுக்கறி, சின்ன வெங்காயம், பூண்டு, விதை உதிர்த்த வத்தல், உப்பு, நல்லெண்ணெய், அவ்வளவுதான். தேங்காய் கிடையாது, மசாலாப் பொடி கிடையாது. சாப்பிட்டவர்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இன்னொரு கரண்டி கேட்டார்கள். அன்று பிடித்த பித்து விடவேயில்லை. கல்யாணம், காதுகுத்து, மாறுதல், ஓய்வு என்று அலுவலகத்தில் எது நடந்தாலும் "சங்கரலிங்கம் கறி உண்டா?" என்பதுதான் முதல் கேள்வி. மாறுதலில் போனவர்களுக்கு மிளகாய்த் தொக்கு பாட்டிலில் அடைத்து வருடந்தோறும் பார்சல் அனுப்பினேன். யார் கேட்டார்கள் என்றால் யாரும் கேட்கவில்லை. அனுப்பாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

இதில் ஒரு சங்கதியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் மேலே எழுதினால் நான் பொய்யன் ஆகிவிடுவேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாளில் போயிற்று. போகும்போது என் மூக்கையும் நாக்கையும் கொண்டுபோய்விட்டது. மல்லிகையும் சாக்கடையும் எனக்கு ஒன்றுதான். உப்பு, புளிப்பு, இனிப்பு எதுவும் தெரியாது; பாயசமும் ரசமும் வெறும் வெந்நீர். வந்துவிடும், வந்துவிடும் என்று மூன்று டாக்டர்கள் சொன்னார்கள். வரவில்லை. மிச்சம் இருப்பது காரம் ஒன்றுதான். மிளகாய் பட்டால் மட்டும் நாக்கு எரியும். அந்த எரிச்சலைப் பிடித்துக்கொண்டுதான் இன்னும் சமைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் உப்பு பார்ப்பது என் மனைவி பாக்கியம். அவளைத் தவிர யாருக்கும் இது தெரியாது.

இந்த நிலையில்தான் வேலாயுதம் போன் செய்தான். மதுரையில் எனக்கு எதிர் மேஜைக்காரன், என்னைவிட ஒரு வயது மூத்தவன். மூன்று தலைமுறைக்கு முன் மல்லி, மிளகாய் வியாபாரத்துக்காக மட்டாஞ்சேரிக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். ஓய்வுக்குப் பிறகு பிறந்த வீட்டுக்கே திரும்பிப் போனான். இப்போது அந்த வீட்டை விற்றுவிட்டு பெங்களூரில் மகனோடு இருக்கப் போகிறான். போகும் முன் அக்கம்பக்கத்தாருக்கு ஒரு சாப்பாடு. "இந்தத் தெருவுல எல்லார்கிட்டயும் உன் உப்புக்கறியப் பத்திப் பேசிப் பேசி எனக்கு வாய் கழச்சுப்போச்சு. நீ வந்து வச்சுக் கொடுத்துட்டுப் போ. அப்புறம் நான் நிம்மதியா கெளம்புறேன்" என்றான். மறுக்க வாய் வரவில்லை. பாக்கியம் மகளின் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூரில் இருந்தாள். "தனியா போறீங்க. யார்கிட்டயாவது சொல்லி உப்பு பாக்கச் சொல்லுங்க, என்ன?" என்று நான்கு தடவை போனில் சொன்னாள். சரி சரி என்றேன்.

*

ஸ்டேஷனிலிருந்து பிராட்வே கடைத்தெருவுக்கு ஆட்டோ எழுபது ரூபாய். சின்ன வெங்காயம் அங்கே வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. சனிக்கிழமைக் கூட்டத்தில் ஆட்டோ உள்ளே நுழையவில்லை; இறங்கி நடந்தேன். பாத்திரக் கடை, குடைக் கடை, துணிக் கடை எல்லாம் ஒன்றின் மடியில் ஒன்று உட்கார்ந்திருக்கிற தெரு. வெங்காயம் விற்ற பெண் தேனிக்காரர். பதினெட்டு வருடமாக இங்கே இருக்கிறாராம்.

"மூணு கிலோவா? என்னண்ணே, ஓட்டலா?"

"இல்லம்மா. உப்புக்கறி."

அந்தப் பெண் நிமிர்ந்து என்னை நன்றாகப் பார்த்தார். "இந்த ஊருல உப்புக்கறியா! இங்க தேங்கா இல்லாம தண்ணிகூட குடிக்க மாட்டாங்களே." கிலோ எண்பது சொன்னவர் எழுபதுக்குக் கொடுத்து, ஒரு கைப்பிடி பூண்டும் சேர்த்துப் போட்டார். உப்புக்கறி என்ற சொல்லுக்குக் கிடைத்த தள்ளுபடி என்று எடுத்துக்கொண்டேன்.

படகுத்துறையில் கோட்டைக் கொச்சிக்கு டிக்கெட் ஆறு ரூபாய். இந்தக் காலத்தில் ஆறு ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது? இருபது நிமிடம் உட்கார இடமும் காற்றும் கிடைத்தன. மூன்று பையையும் காலுக்கடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். பக்கத்தில் இருந்தவர் மீன் நாற்றம் என்று மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கு அந்தக் கவலை இல்லை. ஒருவகையில் வசதிதான் என்று நினைக்கப் பார்த்தேன், நினைப்பு ஒட்டவில்லை.

இறங்கி, கொச்சங்காடிக்கு ஆட்டோ எண்பது ரூபாய். பழைய கிடங்குகளுக்கு நடுவே போகிற சந்தில் மூன்றாவது வீடு. ஒன்றரை மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். வேலாயுதம் ஒரு பெட்டிக்கும் இன்னொரு பெட்டிக்கும் நடுவிலிருந்து எழுந்து வந்தான். இளைத்திருந்தான்.

"வாடா சங்கரா. என்ன இப்படி க்ஷீணிச்சுப் போயிட்டே?"

"உன் ஊருக்கு வர்ற வண்டில வந்தா வேற எப்படி இருப்பேன்."

அவன் மனைவி வசந்தா இங்கேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசுவார், எழுத்து மலையாளம்தான். "அண்ணா, முதல்ல ஒரு சாயா குடிங்க. குளிச்சிட்டு ஊணு சாப்பிடலாம். கிச்சன்ல பாதி பாத்திரம் பெட்டிக்குள்ள போயாச்சு, கேட்டேளா, ஒண்ணும் நெனைக்கக் கூடாது" என்றார். சாயா வந்தது. இனிப்பாக இருந்ததா என்று தெரியாது. "பிரமாதம்" என்றேன். இரண்டு வருடமாக எல்லாவற்றுக்கும் இதுதான் என் பதில்.

*

மாலை நான்கு மணிக்குத் தனியாக நடக்கப் போனேன். யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுன் பக்கம் பழம்பொருள் கடைகளில் வெளிநாட்டுக்காரர்கள் பித்தளை விளக்குகளை விலை பேசிக்கொண்டிருந்தார்கள். தேக்குக் கதவுகள், தூண்கள், ஊஞ்சல் பலகைகள் எல்லாம் யார் வீட்டிலிருந்தோ கழற்றப்பட்டு விலைச்சீட்டோடு சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. மசாலாக் கிடங்குகளின் வாசலில் சுக்கும் மிளகும் காய்ந்துகொண்டிருந்தன. என்னைக் கடந்துபோன ஒரு பெண் மூச்சை நன்றாக இழுத்து, "ஆஹா" என்று கூட வந்தவரிடம் சொன்னாள். நானும் நின்று மூச்சை இழுத்தேன். காற்று வந்தது. வேறொன்றும் வரவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்தத் தெருவுக்கு இருபத்தெட்டு வயதில் வேலாயுதத்தோடு வந்திருக்கிறேன். ஏலக்காய் வாசனையில் தலை சுற்றி ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். அப்படிப்பட்ட இடத்தில் மரம்போல நின்றேன்.

பஜார் ரோட்டில் ஒரு மிளகாய்க் கடை. வத்தல் மூட்டைகள் வாய் திறந்திருந்தன. நீளமாக, சுருங்கிச் சுருங்கி, ரத்தச் சிவப்பில் ஒரு மிளகாய். மிளகாயைக் கண்டால் கை சும்மா இருக்காது. ஒன்றை எடுத்துக் காம்பைக் கிள்ளி, வாயில் போட்டு மென்றேன்.

ஒன்றும் இல்லை.

இன்னும் மென்றேன். விதையைக் கடித்தேன். லேசாக ஏதோ சுருக்கென்றது. அதுகூட நானாக நினைத்துக்கொண்டதோ என்னவோ. இன்னொன்றை எடுத்து மென்றேன். அதே கதை. கடைசியாக இருந்த அதுவும் போய்விட்டது, நாளைக்கு முப்பது பேருக்குச் சமைக்க வேண்டும், எதைக் கொண்டு சமைப்பேன் என்று மனசு அடித்துக்கொண்டது. மூட்டை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

கடைக்காரச் சேட்டன் எழுந்து வந்தார். "என்ன சாரே, சுகமில்லே?"

"இந்த மிளகாயில காரமே தெரியலயே."

அவர் சிரித்தார். "அது பிரியன் முளகல்லே சாரே. நெறத்துக்கு உள்ளது. எரிவு வேணும்னா இது நோக்கு." ஒரு டப்பாவைத் திறந்து, நகக்கண் அளவில் இரண்டு உலர்ந்த காந்தாரி மிளகாயை என் உள்ளங்கையில் போட்டார். "ஒண்ணு மதி கேட்டோ. ஒண்ணு."

நான் இரண்டையும் போட்டுக்கொண்டேன். பற்றிக்கொண்டது. நாக்கு, அண்ணம், தொண்டை, காதுமடல்வரை எரிந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றியது. நான் சிரித்தேன். சேட்டன் பயந்துபோய்த் தண்ணீர் சொம்பை நீட்டினார். அவர் கையைப் பிடித்து, "இருக்குங்க, இருக்கு" என்றேன். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. மிளகாய் நாட்டில் பிறந்து, நிறத்துக்குப் போடுகிற மிளகாயைக் கண்டுபிடிக்கத் தெரியாமல் உயிர் போகப் பயந்தவன் என்று ஊரில் தெரிந்தால் மானம் போகும். ஐம்பது கிராம் காந்தாரி தொண்ணூறு ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு திரும்பினேன். ஐந்து நிமிடம் அந்த எரிச்சலோடு நடந்ததுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த சந்தோஷம்.

*

ஞாயிறு காலை ஆறு மணிக்கு வேலாயுதமும் நானும் கறிக்கடைக்குப் போய் ஆறு கிலோ ஆட்டுக்கறி வாங்கினோம், கிலோ தொள்ளாயிரம். வசந்தா அதை வாங்கிக் கழுவி மூடிவைத்தார். பின்கட்டில் வாடகை அடுப்பும் உருளியும் தயாராக இருந்தன. எட்டரைக்கெல்லாம் தெரு வந்துவிட்டது. உதவிக்கு வந்தவர்கள் நாலு பேர், வேடிக்கைக்கு வந்தவர்கள் பத்துப் பேர். அடுத்த வீட்டு ஹனீபா, மோட்டார் படகு மெக்கானிக், ஐம்பது வயதிருக்கும், வெங்காயம் உரித்துத் தருகிறேன் என்று முதல் ஆளாக உட்கார்ந்தார்.

"வேலாயுதன் சேட்டன் லீவுக்கு வரும்போதெல்லாம் பறஞ்ஞு பறஞ்ஞு எங்களுக்கு இருபது வருஷமா வாயில வெள்ளம் ஊறுது சாரே. இன்னிக்குத்தான் பாக்கப் போறோம்."

களைப்பெல்லாம் கொஞ்ச நேரம் விலகிற்று. வத்தல்களை ஒடித்து விதையை உதிர்த்தேன். எண்ணெயில் பூண்டும் வெங்காயமும் வதங்கி, மிளகாய் விழுந்ததும் எல்லாரும் இருமிக்கொண்டே சிரித்தார்கள். நானும் இருமினேன். கறியைப் போட்டேன். உப்பு போடுகிற நேரம் வந்தது.

பாக்கியம் எனக்கென்று அளந்து வைத்திருந்த ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தைக் கொண்டுவந்திருந்தேன். கிலோவுக்கு ஒரு கிண்ணம், தலை தட்டி. இரண்டு வருடமாக என் நாக்கு அந்தக் கிண்ணம்தான். ஆறு கிண்ணம் எண்ணிப் போட்டேன். வேலாயுதம் பக்கத்தில் வந்து நின்று உருளிக்குள் எட்டிப் பார்த்தான். ஏதோ கேட்க வாயெடுத்தான். அதற்குள் வாசலில் ஆள் சத்தம். அவன் தாத்தா காலத்துத் தேக்கு பீரோவைப் பார்க்க ஜூ டவுன் கடைக்காரர் வந்துவிட்டார். "தோ வரேன்" என்று போனவன் பந்தி உட்காரும்வரை திரும்பவில்லை.

கறி வெந்தது. எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உப்பு பார்ப்பதற்கென்று எனக்கு ஒரு பாணி உண்டு, அலுவலகத்தில் பிரசித்தம். கரண்டியிலிருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு, ஊதி, நக்கி, கண்ணை மூடி, மூன்று எண்ணும்வரை இருந்து, தலையாட்டுவேன். நாக்கு போன பிறகும் அந்த நாடகத்தை விடவில்லை. அன்றும் செய்தேன். சுள்ளென்று காரம் ஏறியது. "எல்லாம் சரியா இருக்கு" என்றேன். ஹனீபா கைதட்டினார். "யாராவது உப்பு பாருங்கள்" என்று சொல்ல எத்தனை நேரமாகும்? இரண்டு வினாடி. அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இந்தக் கூட்டத்துக்கு முன்னால், என்னைப் பார்க்கவே வந்திருக்கிற கூட்டத்துக்கு முன்னால், எனக்கு வெட்கமாக இருந்தது.

ஒரு மணிக்கு முதல் பந்தி. பன்னிரண்டு பேர். இலையில் சோறு, பருப்பு, என் கறி. நானே பரிமாறினேன். முதல் வாய் எடுத்ததும் எல்லாரும் தண்ணீரைக் குடித்தார்கள். நான் பூரித்துப்போனேன். சாத்தூர் மிளகாய் என்றால் சும்மாவா? இரண்டாவது ஜக் தண்ணீர் வந்தது, மூன்றாவது வந்தது. ஒருவர் சோற்றை மட்டும் மேலும் மேலும் கேட்டு வாங்கினார். "காரமா? மோர் ஊத்திக்கோங்க" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு வலம் வந்தேன். யாரும் குறை சொல்லவில்லை. "கொள்ளாம்", "நல்லாயிட்டுண்டு" என்றார்கள். இன்னொரு கரண்டி மட்டும் யாரும் கேட்கவில்லை. அது என் கண்ணில் பட்டது. பட்டும், புத்தியில் ஏறவில்லை.

ஹனீபா இலையிலிருந்து எழுந்து கை கழுவிவிட்டு, என்னைக் கிணற்றடிப் பக்கம் கூட்டிப்போனார்.

"சாரே, ஒரு காரியம் பறஞ்ஞா மனசு விஷமிக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"உப்பு நல்லா கூடிப்போயி. வாயில வைக்க முடியல. யாரும் பறய மாட்டாங்க, விருந்தாளியல்லே நீங்க. ரெண்டாம் பந்திக்கு இது வெளம்பக் கூடாது."

கிண்ணக் கணக்கு தப்பவே தப்பாது. அதற்குள் வசந்தா வந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. "அண்ணா, நான் எறச்சி கழுகும்போதே உப்பும் மஞ்சளும் பெரட்டி வச்சேன். இங்க எல்லா வீட்லயும் அப்படித்தான். நீங்க ருசி பாத்துத்தானே உப்பு போடுவீங்கன்னு பறயல. பாத்தீங்களே அண்ணா? எல்லார் முன்னாடியும் பாத்தீங்களே?"

கூடத்தில் பன்னிரண்டு பேர், வாசலில் அடுத்த பந்திக்குக் காத்திருக்கிற இருபது பேர். வேலாயுதம் கதவருகே நின்றான். இதற்குமேல் எதை மறைக்க?

"எனக்கு உப்பு தெரியாதும்மா" என்றேன். "ரெண்டு வருஷமாச்சு. வாசனையும் தெரியாது, ருசியும் தெரியாது. காரம் மட்டும் தெரியும். காலைல பாத்தது சும்மா நடிப்பு. நேத்து நீங்க கொடுத்த சாயாகூட எனக்கு வெறும் தண்ணிதான்."

எனக்கு உட்கார வேண்டும்போல இருந்தது, துவைகல்லில் உட்கார்ந்தேன். அவ்வளவு அசதி. நாற்பது வருடத்துப் பேர் போயிற்று என்ற துக்கம்கூடப் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது, இனி நடிக்க வேண்டாம் என்ற நிம்மதி.

வசந்தாதான் முதலில் அசைந்தார். புடவையைச் சொருகிக்கொண்டு உருளியை எட்டிப் பார்த்தார். "ஆறு கிலோ எறச்சிய ஆரு களயும்? ஹனீபிக்கா, முக்குக் கடைல கப்பை இருக்கும். எட்டுக் கிலோ வாங்கிட்டு வாங்க. சீக்கிரம்."

கப்பை என்றால் மரவள்ளிக்கிழங்கு. ஹனீபா ஸ்கூட்டரில் போய்ப் பத்து நிமிடத்தில் சாக்கோடு வந்தார். முதல் பந்தியில் சாப்பிட்டவர்கள், காத்திருந்தவர்கள் எல்லாரும் உட்கார்ந்து தோல் உரித்தார்கள். உப்பே போடாமல் வேகவைத்து, தண்ணீரை வடித்து, கறியில் கொட்டி, இரண்டு பேர் சேர்ந்து மத்தால் மசித்தார்கள். வசந்தா தேங்காயெண்ணெயில் கறிவேப்பிலை தாளித்தார். தேங்காய் இல்லாத என் கறியில் கடைசியில் தேங்காயெண்ணெய் புகுந்தேவிட்டது. தேனிக்காரப் பெண்ணை நினைத்துக்கொண்டேன். காரம் கிழங்கில் அமுங்கிப்போயிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. பையிலிருந்து காந்தாரியை எடுத்து நசுக்கி வைத்தேன்.

"காரம் நான் பாக்கிறேன்" என்றேன். "உப்பு நீங்க பாருங்க."

உள்ளங்கைகள் நீண்டன. வசந்தா, ஹனீபா, எதிர்வீட்டு அம்மாள், எனக்குப் பெயர் தெரியாத ஐந்தாறு பேர். இன்னும் கூடுதல் என்றார் ஒருவர். இரண்டு கிழங்கு சேர்ந்தது. பாகம், சரியாக இருக்கிறது என்றார் எதிர்வீட்டு அம்மாள். ஹனீபா ஒத்துக்கொள்ளவில்லை, இன்னும் ஒரு பிடி கிழங்கு வேண்டும் என்றார். கால் மணி நேரம் சண்டை நடந்தது. நான் காந்தாரியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, நாக்கில் வைத்து, இன்னும் கொஞ்சம் சேர்த்தேன். மூன்று மணிக்கு எல்லாரும் ஒரே பந்தியாகக் கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார்கள். அட்டைப்பெட்டிமேல்கூட இலை போட்டார்கள். இந்தத் தடவை மூக்கை உறிஞ்சிக்கொண்டு இன்னொரு கரண்டி கேட்டார்கள். அது என் கறி இல்லை. யார் கறி என்றும் சொல்ல முடியாது. நானும் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். எரிந்தது.

*

திங்கள் காலை ஆறரைப் படகு. வேலாயுதம் துறைவரை வந்தான். புதன்கிழமை அவனும் கிளம்புகிறான். இனி இந்த ஊருக்கு நான் வர ஒரு காரணமும் இல்லை. அது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. படகு வரும்வரை தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"மன்னிச்சுக்கோடா" என்றேன். "உன் பேரக் கெடுத்துட்டேன்."

"போடா. தப்பு என்மேலதான். உப்பு பாக்கணும்னுதான் பக்கத்துல வந்து நின்னேன். அந்த பீரோக்காரன் வந்து கெடுத்துட்டான்."

"நீ எதுக்கு உப்பு பாக்கணும்?"

"போன தீபாவளிக்கு நீ அனுப்பின தொக்குல உப்பே இல்ல. ஒரு துளிகூட இல்ல. நீ அப்படி மறக்கிற ஆளில்ல. பாக்கியத்துக்குப் போன் பண்ணிக் கேட்டேன். அழுதுட்டா. யார்ட்டயும் பறயக் கூடாதுன்னா."

அந்த தீபாவளிக்குப் பாக்கியம் அவள் அண்ணன் வீட்டில் இருந்தாள். நானாக அளந்து போட்டதாகத்தான் நினைத்திருந்தேன்.

"தெரிஞ்சேவா என்னைக் கூப்பிட்டே? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா அனுப்புறத நிறுத்திருவியே." படகு வந்து இடித்து நின்றது. "தொக்குல உப்பு நான் போட்டுக்குவேன். அதிலென்ன. பெங்களூர் அட்ரஸ் அனுப்பறேன். நிறுத்திராதே, கேட்டியா."

ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன். கை ஆட்டவில்லை அவன். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பகல் வண்டி. இந்தத் தடவை ஜன்னலோரம். வசந்தா நேற்றைய கப்பைக்கறியை விடிகாலையில் சூடாக்கி வாழையிலையில் பொதிந்து கொடுத்திருந்தார். புனலூர் தாண்டி, மலைக்குள் வண்டி மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும்போது பொதியை அவிழ்த்தேன். எதிரே சங்கரன்கோவில் போகிற ஒரு பெரியவர், கையில் ரயில்வே இட்லி. இலையைப் பார்த்தார்.

"சாப்பிடுறீங்களா? கறியும் கிழங்கும்" என்று பாதியைக் காகிதத் தட்டில் தள்ளிக் கொடுத்தேன். இதில் புதிதாக ஒன்றுமில்லை. நாற்பது வருடமாகச் செய்வதுதான். அவர் ஒரு வாய் எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆத்தாடி" என்றார்.

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, முன்பின் தெரியாத அந்த மனிதரிடம் கேட்டேன்.

"ஐயா, உப்பு எப்படி இருக்கு? எனக்குத் தெரியாது. நீங்கதான் சொல்லணும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இன்னொரு வாய் எடுத்து, மென்று, யோசித்தார். "ஒரு பொட்டுக் கம்மி" என்றார். தன் இட்லிப் பொட்டலத்தோடு வந்திருந்த சின்ன உப்புத்தாளைப் பிரித்து, தன் தட்டில் கொஞ்சம், என் இலையில் கொஞ்சம் தூவினார்.